இடப்பக்கம் சாயும் யந்திரம்

“சுயம்பு இல்லாம நிக்கிற மாதிரி ஒரு மெஷின் கட்டணும், டீச்சர். அதுக்கு வழி சொல்லுங்க.”

வந்ததும் வேலப்பன் கேட்டது இதைத்தான். உட்காரக்கூட இல்லை.

கையில் நாலு விசிறி வைத்த பறக்கும் யந்திரம் இருந்தது. சந்தையில் வாங்கிய கோழியைப் போல அதன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான்.

அவனுக்கு வயது ஐம்பத்து நாலு. அவன் டீச்சர் என்று கூப்பிட்ட அமலோற்பவத்துக்கு முப்பத்தொன்று. அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. காற்றாலைகளுக்கு நடுவே, காற்று எப்போதும் ஓயாத ஓர் இடத்தில், பழைய அரிசிக் குடோன் ஒன்றில் இருந்தாள். யந்திரம் பறக்காதவர்கள் அவளிடம் வந்தார்கள். பறக்க வைத்துக்கொண்டு போனார்கள். எப்படிப் பறந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது அவர்களுக்கு.

அவள் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தாள்.

“சுயம்பு யாரு?”

“என் தங்கச்சி மாப்பிள்ளை. மூணு வருஷம் நான் கட்டுனேன், அவன் ஓட்டுனான்.”

“இப்போ?”

“இப்போ இல்ல.”

“செத்துட்டாரா?”

“சேச்சே! வாழைத்தார் மண்டியில எடை போடுதான். நல்லாத்தான் இருக்கான்.”

“பிறகு ஏன் செத்தவரைப் பத்திப் பேசுத மாதிரி பேசுதீங்க அண்ணாச்சி?”

வேலப்பன் யந்திரத்தை நிமிர்த்தித் தரையில் வைத்தான்.

“நிக்க மாட்டேங்குது. அதைச் சொல்லுங்க மொதல்ல.”

“பறக்க விடுங்க.”

அவன் ரிமோட்டை எடுத்தான். யந்திரம் எழுந்தது. இடுப்பு உயரம் வந்தது. ரிமோட்டின் குச்சியை நடுவில் விட்டுவிட்டு, பார்த்தீர்களா என்பதுபோல அவளைப் பார்த்தான்.

யந்திரம் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. யாரோ கூப்பிட்டு அதற்கு மட்டும் கேட்ட மாதிரி. நகர்ந்து நகர்ந்து குடோன் சுவரில் முட்டிக் கீழே விழுந்தது.

அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை. அந்தச் சுவரில் ஏற்கெனவே நிறையத் தழும்புகள் இருந்தன.

“நாலு மோட்டாரும் ஒரே எடை, டீச்சர். விசிறி ஒவ்வொண்ணையும் கத்தி முனையில வச்சுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் சமம். ரெண்டு வலப்பக்கம் சுத்துது, ரெண்டு இடப்பக்கம் சுத்துது. பேட்டரி நட்ட நடுவுல. ஒரு குறையும் கிடையாது.”

“அப்போ ஏன் போவுது?”

“அவன் கை பட்ட தோஷம்.”

“இதுல அவர் கை பட்டுச்சா?”

“இல்ல. இது போன மாசம் கட்டுனது. ரிமோட்டும் புதுசு.”

“பிறகு?”

வேலப்பன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அவள் கிழங்கின் நாரை இழுத்துத் தூரப் போட்டாள்.

“அவரு என்ன செய்தாரு?”

அதைச் சொல்ல அவனுக்குப் பிடித்திருந்தது. பத்து மாதமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

காற்றாலையின் இறக்கைகளில் விரிசல் இருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்க்கிற வேலை. ஆலையை நிறுத்திவிடுவார்கள். இறக்கைக்கு இரண்டு முழம் தள்ளி யந்திரம் அசையாமல் நிற்க வேண்டும். மூன்று வருடமாகச் செய்து வந்தார்கள். அன்றைக்கும் சுயம்புதான் ஓட்டினான். கம்பெனி இன்ஜினீயர் பக்கத்தில் நின்றார்.

“அப்பத்தான் பாத்தேன். இவன் பெருவிரல் குச்சியை வலப்பக்கமாத் தள்ளிக்கிட்டே இருக்கு. எடுக்கவே இல்ல. நிக்கிற மெஷினை எதுக்குலே தள்ளுத, நடுவுல விடுலேன்னு சொன்னேன். விட மாட்டேங்கான். சும்மா இருங்க மச்சான், சும்மா இருங்க மச்சான்னு சொல்லுதான். இன்ஜினீயர் சிரிக்காரு. ரிமோட்டைப் பிடுங்கிட்டேன்.”

“பிடுங்கி?”

“குச்சியை நடுவுல விட்டேன். நேரா இடப்பக்கம் போயி இறக்கையில அடிச்சு, அறுபது ஆள் உயரத்துல இருந்து விழுந்துச்சு. ரிமோட்டுக்குள்ள ஏதோ திருகி வச்சிருக்கான் பய. கோணக் கையை வச்சுக்கிட்டு மூணு வருஷமா என் மெஷினைக் கெடுத்துட்டான்னு அங்கனயே சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. உடைஞ்ச துண்டையெல்லாம் தோள் துண்டுல பொறுக்கிக் கட்டி என் வண்டியில வச்சுட்டு, நடந்து போயிட்டான்.”

“தங்கச்சி?”

“செல்லத்தாயா? அவளும் வரதில்ல. புருஷன் வராத வீட்டுக்கு அவ எப்படி வருவா?” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே ஏற்றிக்கொண்டான். “காற்றாலைக்காரங்க மறுபடி கூப்பிட்டிருக்காங்க. இருபதாம் தேதி. அவன் இல்லாம நிக்கணும். நிக்கும்னு ஊருக்குக் காட்டணும்.”

“இதை மொதல்ல எங்க வச்சு லெவல் காட்டுனீங்க?”

இந்த யந்திரத்துக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: இதுதான் சமம் என்று. ஓர் இடத்தில் அசையாமல் வைத்துப் பொத்தானை அமுக்கினால் அது வாங்கிக்கொள்ளும். பிறகு வானத்தில் எங்கே இருந்தாலும், எந்தக் காற்று தள்ளினாலும், அந்தச் சமத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத்தான் லெவல் காட்டுவது என்பார்கள்.

“என் பட்டறையில, என் பெஞ்சு மேல. சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, மூக்கு கிழக்கே பாக்க வச்சுத்தான் காட்டுவேன். எல்லா மெஷினுக்கும் அதே இடம், அதே திசை. ஒரு நாளும் மாத்துனதில்ல.”

“ரசமட்டம் வச்சுப் பாத்தீங்களா?”

“முப்பது வருஷமா மோட்டாருக்குக் காயில் கட்டுதேன். என் கண்ணுதான் ரசமட்டம்.”

அமலோற்பவம் கையைக் கழுவிக்கொண்டாள்.

“பெஞ்சைக் கொண்டு வாங்க.”

“எது, பெஞ்சையா? அது ஆறடி நீளம், டீச்சர்! தேக்கு!”

அவள் உள்ளே போய்விட்டாள்.

*

மறுநாள் வேலப்பன் ஒரு குட்டி லாரியில் பெஞ்சோடு வந்தான். வழியெல்லாம் டிரைவர், “யாருக்கு அண்ணாச்சி சீர்வரிசை?” என்று கேட்டுக்கொண்டே வந்ததில் அவன் முகம் கடுகடுத்திருந்தது.

பெஞ்சைக் குடோனுக்குள் இறக்கினார்கள். அமலோற்பவம் அதன்மேல் ரசமட்டத்தை வைத்தாள்.

குமிழி நட்ட நடுவில் நின்றது.

“பாத்தீங்களா!” என்றான் வேலப்பன். “என் பெஞ்சுல ஒரு நூல் கோணல் கிடையாது!”

“இருக்குன்னு நான் சொல்லலையே. இதுல வச்சு லெவல் காட்டுங்க.”

சூடம் கொண்டு வந்திருந்தான். கொளுத்தினான். யந்திரத்தின் மூக்கைக் கிழக்கே திருப்பி வைத்துப் பொத்தானை அமுக்கினான்.

வெளியே வந்து பறக்க விட்டான்.

யந்திரம் எழுந்தது. இடுப்பு உயரம் வந்தது. குச்சியை விட்டான்.

நின்றது.

காற்று தள்ளியது. சிறிது ஆடி, நிமிர்ந்து, நின்றது. இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி நின்றது.

வேலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நின்னுட்டு, டீச்சர்! அவன் இல்லாம நின்னுட்டு!”

“ஆமா.”

“பெஞ்சும் அதேதான், மெஷினும் அதேதான். நேத்து நிக்காதது இன்னைக்கு நிக்குது. என்ன செய்தீங்க?”

“நான் ஒண்ணும் செய்யல.”

“பிறகு எதுக்குப் பெஞ்சைக் கொண்டு வரச் சொன்னீங்க?”

“அது இருந்த இடம் காலியாகணும்ல? வீட்டுக்குப் போயி அந்த இடத்துல ஒரு வாளி தண்ணி ஊத்துங்க.”

“எதுக்கு?”

“கழுவத்தான். எத்தனை வருஷத்து அழுக்கோ.”

*

பட்டறையில் பெஞ்சு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. நாலு கால் நின்ற தடம் மட்டும் கறுப்பாக இருந்தது. கம்பித் துண்டுகளும், செத்த பல்லி ஒன்றும், எப்போதோ உருண்டு போன நட்டுகளும் கிடந்தன. நட்டுகள் எல்லாம் வடக்குச் சுவர் ஓரமாகவே போய்ச் சேர்ந்திருந்தன. அப்போதும் வேலப்பன் யோசிக்கவில்லை.

வாளித் தண்ணீரை ஊற்றினான்.

தண்ணீர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நேராக வடக்கே ஓடியது. சுவரின் அடியில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது.

அவன் இன்னொரு வாளி ஊற்றினான். அதுவும் வடக்கேதான் ஓடியது.

அந்தக் கட்டடம் முன்னால் பால் சொசைட்டியாக இருந்தது. கேன்களைக் கழுவி ஊற்றினால் தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். வாங்கும்போது அவனுக்குத் தெரியும். அவனிடம் சொல்லித்தான் விற்றார்கள். தினமும் அதன்மேல் நடந்து நடந்து, அது நேர்த்தரை என்று காலுக்குப் பழகிவிட்டது. கண்ணுக்கும் பழகிவிட்டது.

கிழக்கே மூக்கை வைத்தால் வடக்கு இடப்பக்கம்.

வேலப்பன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

*

“தரைதான், டீச்சர்.”

அமலோற்பவம் ஒரு விசிறியைக் கத்தி முனையில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“சரிஞ்ச தரையில வச்சு, இதுதான் சமம்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். அது பாவம், நான் சொன்னதை நம்பி இடப்பக்கம் சாஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.”

“எத்தனை மெஷின்?”

“அவன் இருந்தப்ப அஞ்சு. பிறகு ரெண்டு.”

“அந்த அஞ்சும் எத்தனை வருஷம் ஓடுச்சு?”

“மூணு.”

“எத்தனை காற்றாலை?”

“நூத்துக்கு மேல இருக்கும்.”

“எத்தனை தடவை இறக்கையில அடிச்சுச்சு?”

“அடிச்சதே இல்ல. அந்த ஒரு...”

வேலப்பன் நிறுத்தினான்.

விசிறி கத்தி முனையில் அசையாமல் நின்றது. அவள் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

அவன் தன் வலது பெருவிரலைப் பார்த்தான். மெல்ல வலப்பக்கம் தள்ளினான். அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தான். கொஞ்ச நேரத்திலேயே விரலின் அடி வலித்தது.

“ஒரு தடவை பறந்தா எவ்வளவு நேரம் அண்ணாச்சி?”

“இருபது நிமிஷம்.”

“ஒரு நாளைக்கு?”

“எட்டு, ஒம்பது தடவை. சாயங்காலம் சாப்பிடும்போது அவன் கை நடுங்கும், டீச்சர். சோத்தை உருட்ட முடியாது. ஸ்பூன் கேப்பான். துரையாலே நீ, ஸ்பூன் கேக்குதன்னு நான் கேலி பண்ணுவேன். செல்லத்தாயும் சிரிப்பா. அவனும் சிரிப்பான்.”

அவள் அந்த விசிறியையும் கத்தி முனையில் நிறுத்தினாள். ஏதாவது சொல்வாள் என்று அவன் வெகுநேரம் நின்றான்.

*

அந்தச் சரிவு அவன் கண்ணை உறுத்தியது. ஆள் வைக்காமல் தானே சிமெண்டும் மணலும் குழைத்தான். முட்டி போட்டுப் பட்டறை முழுவதையும் பூசினான். கடன் வாங்கிய ரசமட்டத்தை முழத்துக்கு முழம் வைத்துப் பார்த்தான். வடக்குச் சுவரின் ஓட்டையையும் அடைத்தான். நாலு நாள் தண்ணீர் கட்டினான். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றது.

ஐந்தாம் நாள், நிற்கிற யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சுயம்பு வீட்டுக்குப் போனான்.

செல்லத்தாய் முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் ஈரத் துணி கையிலேயே நின்றது.

“வா அண்ணே,” என்றாள். பிறகு வீட்டுக்குள் பார்த்தாள். புருஷன் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வர வேண்டுமே என்று பார்த்தாள். எத்தனை வீட்டில் பெண்கள் இப்படி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுயம்பு வெளியே வந்தான். மெலிந்திருந்தான்.

“வாங்க மச்சான்.”

வருகிற வழியெல்லாம் வேலப்பன் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

“தரை சரிவா இருந்துருக்கு, மாப்ள.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்போ இருந்து?”

“மொத மெஷின்ல இருந்து.”

“ஏன்லே சொல்லல?”

“சொன்னேன், மச்சான். எனக்கே லெவல் சொல்லித் தாரியான்னு கேட்டீங்க. ரெண்டு நாள் என்கூடப் பேசல.” சுயம்பு சிரித்தான். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உங்ககூட சண்டை போடுததுக்கு, விரலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடறது லேசா இருந்துச்சு.”

வேலப்பன் யந்திரத்தை முற்றத்தில் வைத்தான். ரிமோட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

“சரி பண்ணிட்டேன். பாரு.”

சுயம்பு வாங்கினான். யந்திரம் எழுந்தது. எழுந்த உடனே அவன் பெருவிரல் தானாக வலப்பக்கம் போனது. யந்திரம் துணிக்கொடியை நோக்கிப் பாய்ந்தது. செல்லத்தாய் கத்திக்கொண்டு குனிந்தாள்.

சுயம்பு குச்சியை இழுத்து, நடுவில் விட்டான்.

நின்றது.

அவன் அண்ணாந்து பார்த்தான். பெருவிரலைக் குச்சியிலிருந்து எடுத்தான். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தான். அந்த விரலை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நல்லா நிக்குது, மச்சான்.”

“இருபதாம் தேதி கூப்பிட்டிருக்காங்க. நீ வா.”

“நான் எதுக்கு?” என்றான் சுயம்பு. “இது யாரு பிடிச்சாலும் நிக்குமே.”

யந்திரத்தைப் பூப்போல இறக்கினான். ரிமோட்டை வேலப்பன் கையில் கொடுத்தான். மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசல் வரை போய்த் திரும்பி, “காப்பி குடிச்சுட்டுப் போங்க,” என்றான்.

அவன் போன பிறகு செல்லத்தாய் காப்பி கொண்டு வந்தாள். வேலப்பன் குடித்தான். சர்க்கரை போட மறந்திருந்தாள். தம்ளரைக் காலி பண்ணித்தான் வைத்தான்.

*

இருபத்தோராம் தேதி வேலப்பன் குடோனுக்கு வந்தான். யந்திரத்தைக் காலைப் பிடித்துத் தூக்கி வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தான்.

“காற்றாலைக்குப் போனீங்களா?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

“போகல.”

“ஏன்? நிக்கலையா?”

“நிக்குது.”

“அதுதான கேட்டீங்க.”

“ஆமா.”

காற்று குடோனின் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. அவன் யந்திரத்தைத் தன் பெஞ்சின்மேல் வைத்தான். பெஞ்சு இன்னும் அவளிடம்தான் இருந்தது. எடுத்துப் போக அவன் வரவே இல்லை.

“டீச்சர், அந்தப் பழைய லெவலைத் திரும்ப வச்சுத் தர முடியுமா?”

“எந்தப் பழைய லெவல்?”

“இடப்பக்கம் சாயுமே, அவன் விரல் தள்ளாம நிக்காதே, அது.”

அவள் அவனைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று அவன் பயந்தான். சிரிக்கவில்லை. எழுந்து வந்து, பெஞ்சின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். அவன் மறுபக்கம் பிடித்துக்கொண்டான்.

“வைக்கலாம். எவ்வளவு சாய்க்கணும்?”

“கொஞ்சந்தான்.”

“இவ்வளவா?”

“அவ்வளவு இல்ல.”

அவள் இறக்கினாள்.

“இவ்வளவா?”

வேலப்பன் பூசி மெழுகிய தன் தரையை நினைத்துப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, அதற்கு முன்னால் இருந்த தரையை நினைத்துப் பார்த்தான். அதன்மேல் எத்தனையோ வருடம் நடந்திருக்கிறான்.

“இன்னும் கொஞ்சம்... இல்ல, வேண்டாம்... இறக்குங்க...”

“சரியாச் சொல்லுங்க அண்ணாச்சி. கை வலிக்குது.”

“எனக்குத் தெரியல,” என்றான் வேலப்பன். “அவனுக்குத்தான் தெரியும்.”